தண்டனைக் கைதியின் ரிமாண்டு நாட்களுக்குக் கழிவு பெற்ற விதம்

தங்கச்சிமடத்தைச் சேர்ந்த என் தம்பி, ஓர் அடிதடி வழக்கில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தபோதே, பழைய வழக்கொன்றுக்காகப் பி.டி. வாரண்டில் (சிறையில் இருப்பவரை வேறொரு வழக்குக்காக வரவழைக்கும் உத்தரவு) நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டு, ரிமாண்டு, அதாவது விசாரணைக் காவல், செய்யப்பட்டான். அதிலும் தண்டனை விதிக்கப்பட்டபின், அந்த நாட்களில் அவன் ஏற்கெனவே தண்டனைக் கைதிதான் என்று கூறிச் சிறை அலுவலகம் கழிவு தர மறுத்தது.

விசாரணைக் காவலைத் தண்டனையிலிருந்து கழிக்கச் சொல்வது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 468. வேறொரு வழக்கில் தண்டனை அனுபவித்த காலமேயானாலும், அதே நாட்களில் இந்த வழக்கிலும் ரிமாண்டில் இருந்திருந்தால் கழிவு உண்டு என்று 2001இல் நஜாகத் அலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியுள்ளது. ரிமாண்டு இல்லையேல் கழிவும் இல்லை.

ஆகவே முதல் ரிமாண்டு உத்தரவுக்கும், வாரண்டின் பின்பக்கத்தில் நீட்டிப்புத் தேதிகள் ஒவ்வொன்றாகக் கையொப்பத்துடன் எழுதப்பட்டிருந்த தாளுக்கும் நகல் மனு போட்டுச் சான்றிட்ட படிகளைப் பெற்றோம். "தேதி ஒன்றுகூட விடுபடக் கூடாது அண்ணே" என்று எங்கள் வழக்கறிஞர் வலியுறுத்தியது மிகச் சரியான அறிவுரை. அவற்றை இணைத்து, தண்டனை விதித்த நீதிமன்றத்திலேயே மனுத் தாக்கல் செய்தோம். கழிவு நாட்களைக் குறிப்பிட்டுத் திருத்திய தண்டனை வாரண்டு சிறைக்குச் சென்றது. இரு தண்டனைகளும் ஏககாலத்தில் நடக்க வேண்டுமென்று கேட்பது பழைய சட்டத்தின் 427ஆம் பிரிவின்படி (புதியதில் 467) தனிக் கோரிக்கை. அதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.