பிஎச் மீட்டர் அலைபாயாமல் இருக்க ஒரு தொட்டித் தண்ணீர்

பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளக்கும் முன் பஃபர் (பிஎச் தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) புட்டிகளையும் மாதிரி பீக்கர்களையும் ஒரே பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். கழுவும் காய்ச்சி வடித்த நீரையும் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் கேலிப்ரேஷன், அதாவது பஃபரை வைத்து மீட்டரைச் சரிசெய்வது.

மீட்டரின் கண்ணாடி எலெக்ட்ரோடு (மாதிரியில் முக்கும் முனை) ஒரு பிஎச் அலகுக்குத் தரும் மின்னழுத்தம், அதாவது சரிவு, 25 டிகிரியில் 59.16 மில்லிவோல்ட், 10 டிகிரியில் சுமார் 56.2, 30 டிகிரியில் 60.15. வெப்பநிலையைத் திருத்திக்கொள்ளாத மீட்டரை 30 டிகிரியில் செட் செய்துவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 10 டிகிரி மாதிரியில் விட்டால், பிஎச் 4 என்பது 4.2 என்று காட்டும். ஏடிசி (வெப்பநிலைக்கு ஏற்பத் தானாகத் திருத்தும் வசதி) உள்ள மீட்டர் இந்தச் சரிவைத் திருத்திவிடும், சரி. ஆனால் பஃபரே மாறுகிறதே! 25 டிகிரியில் 10.01 ஆக இருக்கும் பஃபர், 10 டிகிரியில் 10.18 ஆகிவிடும். புட்டியின் மேலேயே பெரும்பாலும் அட்டவணை இருக்கும், யாரும் பார்ப்பதில்லை.

மாதிரியின் பிஎச் 7-ஐ ஒட்டி இருந்தால் சரிவுப் பிழை மிகக் குறைவு, இவ்வளவு மெனக்கெட வேண்டாம். கிணற்று நீர், குளத்து நீர் போன்றவற்றுக்கு இந்த வழியே கூடாது: காத்திருக்கும் நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியோ கரைந்தோ பிஎச் மாறிவிடும். அவற்றை எடுத்த இடத்திலேயே அளந்து, பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதிக்கொள்ளுங்கள்.