டேட்டிங் ஆப்பில் கணக்கு முடங்கிவிட்டதா? மேல்முறையீடு செய்வது எப்படி

காசு கட்டிப் பயன்படுத்தும் டேட்டிங் ஆப்பில் கணக்கு முடங்கினால் பேசிக்கொண்டிருந்தவர்களும் போய்விடுகிறார்கள், கட்டிய பணமும் தொங்கலில் நிற்கிறது. அந்தக் கோபத்தில் பலரும் இரண்டையும் ஒரே மெயிலில் கொட்டிவிடுகிறார்கள். ஆனால் கணக்கைத் திறப்பதா வேண்டாமா என்று பார்ப்பது ஆப் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு. பணம் ஆப் ஸ்டோர் வழியாகப் போயிருந்தால் அதைப் பெரும்பாலும் ஆப்பிளிடமோ கூகுளிடமோதான் கேட்க வேண்டும். பாதுகாப்புப் பிரிவில் இருப்பவருக்கு "என் பணம் என்ன ஆச்சு" என்ற பத்தி எந்த வகையிலும் உதவாது. எனவே தொடக்கத்திலேயே இரண்டையும் தனித்தனி வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 1: உண்மையிலேயே தடைதானா?

பாஸ்வேர்ட் ஏற்காதது, செல்ஃபி சரிபார்ப்பு நிலுவையில் இருப்பது, சர்வர் கோளாறு, இவை எதுவும் தடை அல்ல. திடீரென்று மேட்ச், அதாவது இருவரும் ஒருவரையொருவர் விரும்பியதாக வரும் இணைப்பு, வராமல் போவதும் தடைக்குச் சான்று ஆகாது. தடை என்றால் லாகின் செய்யும்போதே திரையில் அறிவிப்பு வரும், அல்லது பதிவு செய்த மெயிலுக்குத் தகவல் வரும். "கணக்கை மீட்க இங்கே அழுத்தவும்" என்று மெயில் வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். ஆப்பை நேரடியாகத் திறந்து பாருங்கள்.

படி 2: சந்தாவை நிறுத்துங்கள்

மேல்முறையீட்டுக்கு முன்பே இதைச் செய்யுங்கள். கணக்கு முடங்கினால் சந்தாவும் தானாக நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். ஆப்பை போனிலிருந்து நீக்கினாலும் சந்தா நிற்காது, அடுத்த மாதப் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

ஐபோனில் செட்டிங்ஸ் திறந்து, மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். புதுப்பிப்புத் தேதிக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாகவே ரத்து செய்வது நல்லது. ரத்து செய்தாலும், ஏற்கெனவே காசு கட்டிய நாட்கள் பொதுவாக அப்படியே இருக்கும். எனவே கணக்கு திரும்பக் கிடைத்தால் நஷ்டமில்லை. தளத்தில் நேரடியாகக் கார்டு மூலம் கட்டியிருந்தால் அந்த நிறுவனத்திடமே எழுத்து மூலம் ரத்து கேளுங்கள்.

ரீஃபண்ட் வேண்டுமென்றால் தாமதிக்காதீர்கள். கூகுள் ப்ளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வாய்ப்பு அதிகம். அதன் பிறகு பெரும்பாலும் ஆப் நிறுவனத்திடம்தான் போகச் சொல்வார்கள். ஆப்பிளில் ரீஃபண்ட் கேட்கத் தனிப் பக்கமே உண்டு. வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பிடிப்பதை, அதாவது சார்ஜ்பேக்கை, கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ்பேக் செய்ததே தடைக்குக் காரணமாகலாம். மேல்முறையீடு நடக்கும்போது அதைச் செய்வது உங்கள் வாதத்தை நீங்களே கெடுத்துக்கொள்வது.

படி 3: கையில் வைத்திருக்க வேண்டியவை

தடை அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், அது வந்த தேதி, பதிவு செய்த மெயிலும் போன் எண்ணும், பணம் கட்டிய ரசீது. ரசீதில் உள்ள ஆர்டர் எண் முக்கியம். கூகுள் ப்ளே ரசீதில் அது ஜிபிஏ (GPA) என்ற எழுத்துகளில் தொடங்கும்.

படி 4: காரணத்தைத் தேடுங்கள்

பெரும்பாலான அறிவிப்புகள் "விதிமீறல்" என்பதோடு நின்றுவிடும். எந்த விதி என்று சொல்ல மாட்டார்கள். எனவே அந்த ஆப்பின் சமூக விதிகளை முழுவதும் படியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் மேல்முறையீட்டின் பாதி பலம் இங்கேதான் இருக்கிறது.

தெரியாமலே மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. சிறுவர் தனியாக இருக்கும் படம், குடும்பப் படமாகவே இருந்தாலும், பல ஆப்களில் கூடாது. ப்ரொஃபைலில் போன் எண், இன்ஸ்டாகிராம் பெயர், பணம் அனுப்பும் இணைப்பு போடுவதும் சிக்கலைத் தரும். தானாக ஸ்வைப் செய்யும், அதாவது உங்களுக்குப் பதிலாக ப்ரொஃபைல்களைத் தள்ளி விருப்பம் சொல்லும், வெளி ஆப்களைப் பயன்படுத்துவது, இரண்டு கணக்கு வைத்திருப்பது, பிறந்த ஆண்டைத் தவறாக அடித்து 18 வயதுக்குக் குறைவாகக் காட்டுவது, இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டும் விபிஎன் மூலம் மணிக்கொரு நாட்டில் தோன்றுவது ஆகியவையும் சந்தேகத்தைக் கிளப்பும். புதிதாக வாங்கிய சிம் எண்ணை முன்பு தடைபட்ட வேறொருவர் பயன்படுத்தியிருக்கவும் கூடும்.

அடுத்தது பயனர்களின் புகார். இங்கே உங்கள் உரையாடல்களை நேர்மையாக நினைத்துப் பாருங்கள். பதில் சொல்லாதவருக்கு மறுபடி மறுபடி மெசேஜ் போட்டிருந்தால், திட்டியிருந்தால், அவருக்கு அது பயமாக இருந்திருக்கும். அப்படியானால் அந்தத் தடை ஒருவரைப் பாதுகாக்கிறது, அதை ஏற்றுக்கொள்வதே சரி. புகார் கொடுத்தவர் இவர்தான் என்று ஊகித்து அவரை வேறு இடத்தில் தேடிப் போகவே போகாதீர்கள். எந்தச் சூழலிலும் இதற்கு விலக்கு இல்லை.

படி 5: மேல்முறையீட்டை எழுதுங்கள்

தடைத் திரையில் மேல்முறையீட்டுப் பொத்தான் இருந்தால் அதுவே முதல் வழி. இல்லாவிட்டால் ஹெல்ப் சென்டர் படிவம். சமூக ஊடகத்தில் டேக் செய்து கத்துவதால் பெரும்பாலும் பயனில்லை, உங்கள் அந்தரங்கம்தான் வெளியே வரும்.

அறிவிப்பு எந்த மொழியில் வந்ததோ அதே மொழியில் எழுதுங்கள். பத்து வரிக்குள் முடியட்டும். படிப்பவர் சரிபார்க்கக்கூடிய தகவல் மட்டும் இருக்கட்டும். "நான் நல்லவன்" என்பதை அவரால் சரிபார்க்க முடியாது, "மூன்றாவது படம்" என்பதை முடியும். ஒரு மாதிரி:

"வணக்கம். என் கணக்கு (தேதி) அன்று முடக்கப்பட்டது. பதிவு செய்த மெயில் (…), போன் எண் (…). அறிவிப்பில் குறிப்பான காரணம் இல்லை. உங்கள் விதிகளைப் படித்தேன். என் மூன்றாவது படத்தில் அக்கா மகள் தனியாக இருக்கிறாள். அது விதிக்குப் புறம்பானது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கணக்கு திரும்பியதும் முதலில் அந்தப் படத்தை நீக்குவேன். வேறு காரணம் இருந்தால் எந்த விதி என்று தெரிவிக்கவும். இந்த முடிவை ஓர் ஊழியர் நேரடியாக மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். செல்ஃபி சரிபார்ப்புக்குத் தயார்."

காரணமே புலப்படவில்லை என்றால் படத்தைப் பற்றிய வரிகளை எடுத்துவிட்டு, "விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், மீறல் எதுவும் எனக்குத் தெரியவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். செய்யாததை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், செய்ததை மறைக்கவும் வேண்டாம். அவர்களிடம் உரையாடல் பதிவு இருக்கலாம். மிரட்டல், வழக்குப் போடுவேன் என்ற பேச்சு, சந்தா எவ்வளவு கட்டினேன் என்ற கணக்கு, எதுவும் இங்கே வேண்டாம்.

படி 6: காத்திருக்கும்போது

தினம் ஒரு விண்ணப்பம் போடாதீர்கள். ஒரு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் அதே விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு ஒருமுறை நினைவூட்டலாம். புதுக் கணக்கு மட்டும் தொடங்காதீர்கள். போன் எண், சாதனம், படம், கார்டு என்று பல வழிகளில் அடையாளம் காண்பார்கள். தடையை ஏமாற்றியது தனிக் குற்றமாகி, நியாயமான மேல்முறையீடும் அதோடு விழுந்துவிடும். வேறு ஆப்புக்குப் போகலாமே என்றால், டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட், பிளென்டி ஆஃப் ஃபிஷ் நான்குமே மேட்ச் குரூப் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். ஒன்றில் விழுந்த தடை மற்றவற்றுக்கும் நீளலாம்.

படி 7: மறுத்துவிட்டால்

நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், சிறு, குறு நிறுவனங்களைத் தவிர மற்ற தளங்கள், முடிவு தெரிவித்த நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் முறையீட்டை ஏற்க வேண்டும். அதை இயந்திரம் மட்டுமே தீர்மானிக்கக் கூடாது. இந்தியாவில் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுதலாம். அவர் பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஐரோப்பாவில் உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேட்கும் உரிமையும் உண்டு. பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்பதை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

இந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்திருக்கும்போதுதான் "உள்ளே ஆள் இருக்கிறார், கணக்கைத் திறந்து தருகிறோம்" என்று சிலர் வருவார்கள். பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள், அல்லது ஓடிபியைக் கேட்டு மெயில் கணக்கையும் சேர்த்துப் பறிப்பார்கள். அவர்களுக்கு ஒரு பதில்கூட அனுப்பாமல் பிளாக் செய்துவிடுங்கள்.