ஆமைக் கூண்டு முழுக்க ஒரே சூடு வேணாம்

நில ஆமை வளர்க்குறவங்க நிறைய பேர் கூண்டு முழுக்க ஒரே சூடா வச்சிடுறாங்க, அது தப்பு. ஆமை வெயிலுக்கும் நிழலுக்கும் நடந்து நடந்துதான் உடம்புச் சூட்டை சரிபண்ணிக்கும், அதனால ஒரு மூலையில மட்டும் சூடு தர்ற பல்பு போட்டு அதுக்கு நேர் கீழ 32லருந்து 35 டிகிரி செல்சியஸ் வர்ற மாதிரி பல்பை ஏத்தி இறக்கி வைங்க, எதிர் மூலை 22-25 இருந்தா போதும். சுவத்துல ஒட்டுற தெர்மாமீட்டரை நம்பாதீங்க, ஓட்டோட உயரத்துல வச்சு அளக்கணும் (எனக்கு இது புரியவே ரொம்ப நாளாச்சு). ராத்திரி பல்பை அணைச்சிடலாம், மத்தியதரைக்கடல் வகைன்னா 18 வரை இறங்குனாலும் பரவால்ல, சிவப்புக்கால் ஆமை மாதிரி வெப்பமண்டல வகைன்னா 21க்குக் கீழ விடாதீங்க, வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டரை தெர்மோஸ்டாட்டோட (சூட்டைப் பாத்து தானா போட்டு அணைக்கிற கருவி) போட்டுக்கோங்க. சூடு பத்தலன்னா தின்னது செரிக்காம ஆமை அப்படியே சுருண்டு கெடக்கும்.