எம்ஜிபியா, பிரெஸ்ஸாவா: கல்லணைச் சாலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது எப்படி?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, அதை வாங்கலாமா, மாருதியின் பிரெஸ்ஸா மாதிரி புது எஸ்யூவி எடுக்கலாமா என்று தஞ்சாவூரில் என் பட்டறைக்கு வந்து கேட்கிறார்கள். கையில் இரண்டு வண்டிகளின் எண்களையும் எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த எண்களால் பெரிய பயன் இல்லை. 1960-களின் எம்ஜிபி 1798 சிசி, சுமார் 95 குதிரைத்திறன். இன்றைய பெட்ரோல் பிரெஸ்ஸா 1462 சிசி, 100-ஐ ஒட்டிய குதிரைத்திறன். நீளத்திலும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை.

முதலில் பழைய வண்டியின் ஆர்.சி.யைப் பாருங்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிந்திருந்தால் பதிவெண்ணில் 'விஏ' இருக்கும். அதைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் கும்பகோணம் கடைக்குப் போய்வர வண்டி தேடுபவர் என்றால், அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

அடுத்து துரு. இதில் அவசரமே கூடாது. எம்ஜிபிக்கு உடலைத் தாங்கும் தனிச் சேஸி கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நின்ற வண்டி என்றால் உப்புக் காற்று உள்ளிருந்தே அரித்திருக்கும், மேலே பெயின்ட் பளபளக்கும். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறினாலோ, கதவு உரசினாலோ, அந்த வண்டி வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சில் உறுதியாக இருந்தால் ஓட்டிப் பார்க்கலாம். திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை வரை ஒரே சாலையில், ஒரே நாளில் இரண்டையும் ஓட்டுங்கள். காலையில் எம்ஜிபி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சூடேற்றி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். 1967 வரை வந்தவற்றில் முதல் கியருக்கு, பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் சிங்க்ரோமெஷ் இல்லை, அதனால் வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியருக்குப் போங்கள். திருக்காட்டுப்பள்ளியில் டீ குடித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வெயிலில் கார்புரேட்டர் சூடேறி அடம் பிடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஆற்றங்கரை வளைவுகளில் அந்த ஸ்டியரிங் கைக்குச் சாலையைச் சொல்லிக்கொண்டே வரும். எனக்கு அது உயிர். பிரெஸ்ஸாவில் அது கிடைக்காது. ஆனால் குழியில் விழும்போது பிரெஸ்ஸாவின் பின்சீட்டில் அம்மாவை உட்கார வைத்து முகத்தைப் பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் அதில் உண்டு, எம்ஜிபியில் ஒன்றும் கிடையாது. குழந்தைகள் ஏறும் வண்டி என்றால் எனக்கு இதில் இரண்டாவது பேச்சே இல்லை.

தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி எம்ஜிபியில் சுமார் 5 அங்குலம், பிரெஸ்ஸாவில் 8-ஐ ஒட்டி. தை, மாசியில் கரைச் சாலைகளில் நெல் காயும், வைக்கோல் பரப்பிக் கிடக்கும். தாழ்ந்த வண்டியின் அடியில் சிக்கும் வைக்கோல், சூடான சைலன்சர் குழாயில் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். அந்த மாதங்களில் எம்ஜிபியை எடுத்தால் சுற்றிப் போங்கள், நிறுத்தியதும் குனிந்து அடியில் பாருங்கள். ஐப்பசி மழையில் சாலையில் தண்ணீர் நின்றால் வெளியிலேயே எடுக்காதீர்கள்.

மழைக்கும் குடும்பத்துக்கும் வீட்டில் வேறு வண்டி இருந்தால், சில் நன்றாக உள்ள எம்ஜிபியைத் தாராளமாக வாங்கலாம். ஒரே வண்டிதான் என்றால் பிரெஸ்ஸா. எம்ஜிபி வாங்குபவர்கள் டேங்கை நிரப்புவதற்கு முன் பெட்ரோல் ஹோஸ்களையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பர் அதில் ஊறி வெடித்துக் கசியும். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கிலுள்ள பெட்ரோலையும் வடித்துவிடுங்கள்.