மலை இறங்கிக் கடலுக்குப் போகிறீர்களா? பிரேக்குக்கு ஓய்வு கொடுங்கள்

பைக்கில் மலைப்பாதை வழியாகக் கடற்கரைக்கு ஒரு நாள் பயணம் என்றால், ஏறுவதை விட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டாவது, மூன்றாவது கியரில் விடுங்கள், எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். (நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.) வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். திரும்பும்போது முன்சக்கரத்தைப் பார்க்காமல், வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். கடலோரச் சாலையில் மணல் படிந்திருக்கும், டயர் வழுக்கும். அப்புறம், வீடு திரும்பியதும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, செயின் காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும்.