மின்சாரக் கார் வளையும்போது டயர் உரசும் சத்தம்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மின்சாரக் காரில் எஞ்சின் இரைச்சல் இல்லாததால், பெட்ரோல் காரில் காதில் விழாமலே போகும் சிறு உரசல்கள்கூடத் தெளிவாகக் கேட்கின்றன. ஆகவே சத்தம் கேட்டவுடன் பதற வேண்டியதில்லை. ஆனால் பேட்டரியின் எடையால் இந்த வண்டிகளின் டயர்கள் கூடுதல் பாரத்தைச் சுமப்பதால், உண்மையிலேயே உரசல் இருந்தால் அதைத் தள்ளிப்போடவும் கூடாது.

முதலில் சோதிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று ஜன்னலில் மோதும்போது வேறெந்தச் சத்தமும் பிடிபடாது. காலை நேரத்தில் ஆளில்லாத, சமமான மண்டப வளாகம் போன்ற இடமே நல்லது. வழுவழுப்பான தரையில் டயர் கிறீச்சிடுவது இயல்பு. அதை உரசலாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்து, ஜன்னல்களை இறக்கிவிட்டு, நடக்கும் வேகத்தில், ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதும், பிறகு வலப்பக்கம் முழுவதும் ஒடித்து, முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். சற்றுத் தள்ளி நிற்கும் ஒருவர் எந்தச் சக்கரம் என்று கவனிக்கட்டும். உள்ளே இருப்பவரின் காது பக்கத்தை எளிதில் மாற்றிச் சொல்லிவிடும். முழுவதும் ஒடித்தால் மட்டும் ‘சர்ர்’ என்று கேட்டால் டயர், சக்கரத்திற்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறையில் (லைனர்) உரசுகிறது. பின்னிருக்கை நிறைந்திருக்கும்போதோ பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போதோ மட்டும் கேட்டால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி ஒடிக்கும்போது ‘டக் டக்’ என்று தட்டினால் அது டிரைவ் ஷாஃப்ட் (மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்லும் தண்டு) மூட்டு. வேகத்தோடு கூடும் ‘ஊங்’ ஒலி பேரிங்கைக் காட்டும். இவை இரண்டும் மெக்கானிக்கின் வேலை.

பிளாஸ்டிக் உரசலை நீங்களே பார்த்துவிடலாம். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து நிறுத்தி, ‘பி’ (பார்க்கிங்) நிலைக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டியை அணைத்துவிடுங்கள். சத்தமின்றி நிற்பதால் அணைந்துவிட்டதாக எண்ணிவிடாமல், திரையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு டார்ச் அடித்து, சக்கரத்திற்கு மேலே வளைந்திருக்கும் லைனரைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் மண்ணும் தூசியும் படிந்திருக்க, உரசும் இடம் மட்டும் கருத்து மினுங்கும். இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், அதிலும் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர்த் தோட்டச் சாலைகளில் ஓடும் வண்டிகளில், சேறு ஏறிய லைனர் கிளிப்பை விட்டு வெளியே தொங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. கண்ணுக்குத் தெரியாவிட்டால், டயரின் இரு ஓரங்களிலும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து, ஒருமுறை மெதுவாக வளைத்து ஓட்டுங்கள். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அதுவே இடம். கிளிப் விலை குறைந்த பொருள், புதியது மாட்டுங்கள். கம்பியால் கட்டி ஒப்பேற்றுவதை நான் சிறிதும் விரும்புவதில்லை, ஏனெனில் கம்பி முனை டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும்.

உலோகம் தேய்வது போன்ற சத்தம், நேராகப் போகும்போதும் கேட்டால், பிரேக் டிஸ்கிற்கும் அதன் பின்னாலுள்ள மெல்லிய தகட்டிற்கும் இடையே சிறு கல் சிக்கியிருக்கக்கூடும். சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் அது விழுந்துவிடவும் வாய்ப்புண்டு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் டிஸ்கில் துரு படியும். மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் குறைவாகவே வேலை செய்கிறது, அதனால் துரு தங்கிவிடுகிறது. பாதுகாப்பான இடத்தில் சில முறை பிரேக்கை மிதித்தால் பெரும்பாலும் நீங்கும்.

டயர் மாற்றிய பிறகு சத்தம் தொடங்கியிருந்தால், ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். 215/60 ஆர்16 இருக்க வேண்டிய இடத்தில் 225/60 ஆர்16 போட்டால் அகலம் 10 மில்லிமீட்டரும் விட்டம் 12 மில்லிமீட்டரும் கூடிவிடும். லைனரில் இடிக்க அதுவே போதும். வீல் மாற்றியிருந்தால் அதன் ஆஃப்செட்டையும், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவையும், கேளுங்கள்.

ஜாக்கியை உரிமையாளர் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் வையுங்கள், ஏனெனில் அடியில் பேட்டரி இருக்கிறது. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள். பக்கச்சுவரில் உள்ளே இருக்கும் நூல் தெரியுமளவு டயர் தேய்ந்திருந்தால் அதில் ஓட்டாதீர்கள். ஸ்டெப்னி இல்லாவிட்டால், நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஏற்றிச்செல்லும் மீட்பு வண்டியைக் கேட்டு வரவழையுங்கள்; மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்தால் மோட்டார் பழுதாகலாம்.