எதிரொலிக்கும் கோயிலில் ஓலை வாசிக்கும்போது நடக்கும் தவறுகள்

நாகர்கோவில் வட்டாரத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் மறையுரையைக்கூட நிதானமாகச் சொல்லிவிடுவார்கள். கடைசியில் அறிவிப்பும், நடக்கப்போகும் திருமணத்தைச் சபைக்குச் சொல்லும் கல்யாண ஓலையும் வரும்போதுதான் வாசிப்பவருக்கு அவசரம். மாப்பிள்ளை பெயர், தகப்பனார் பெயர், ஊர், பெண் பெயர் எல்லாம் ஒரே மூச்சில் போகும். பின்வரிசைக்கு வந்து சேருவது வெறும் இரைச்சல். திட்டு விழுவது மைக் செட்டுக்காரருக்கு.

காங்கிரீட் கூரை, சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை. சத்தத்தை உறிஞ்ச அங்கே ஒன்றும் கிடையாது. ஒலி 60 டெசிபல் இறங்கி, ஏறக்குறைய அடங்க எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்பார்கள். பேச்சுக்கு அது ஒரு வினாடியை ஒட்டி இருந்தால் நல்லது. பெரிய கோயில்களில் மூன்று வினாடி சாதாரணம். நாம் பேசுவதோ வினாடிக்கு நாலைந்து அசை. ஐந்தாவது அசை வாயிலிருந்து வரும்போது முதல் நான்கும் இன்னும் கூரைக்கடியில் சுற்றிக்கொண்டிருக்கும். உயிரொலிக்குச் சத்தம் அதிகம், மெய்யொலி மெலிது. 'வந்தான்', 'வந்தாள்' இரண்டிலும் 'ஆ' முழங்கி, கடைசி எழுத்தை விழுங்கிவிடும். மற்ற பேச்சில் விட்டுப்போனதை ஊகித்துக்கொள்ளலாம். ஆள் பெயரையும் தேதியையும் எப்படி ஊகிப்பது?

கேட்கவில்லை என்றதும் வால்யூமைக் கூட்டுவது முதல் தவறு. குரல் எவ்வளவு கூடுகிறதோ, முழக்கமும் அவ்வளவே கூடும்.

'மெதுவா வாசிங்க' என்றால் எழுத்தை இழுப்பது அதைவிடப் பெரிய தவறு. 'அன்பாஆர்ந்த' என்று நீட்டினால் அறைக்குள் இன்னும் சத்தத்தைக் கொட்டுகிறோம், அவ்வளவுதான். குறில் நெடிலாகிப் பொருளும் கெடும். சொற்களைச் சற்றே நிதானமாக, இயல்பான அளவிலேயே சொல்லிவிட்டு, சொற்றொடர் முடிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். முழக்க நேரம் மூன்று வினாடி என்றால், ஒரு வினாடி நிறுத்தத்தில் பழைய சத்தம் 20 டெசிபல் இறங்கிவிடும். அடுத்த பெயர் தெளிவாக விழ அது தாராளம். அதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தினால் வாக்கியமே உதிர்ந்துபோகும். நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேகம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. வேகத்தை முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம், வாசக மேடையில் வேண்டாம்.

ஆளில்லாத கோயிலில் ஒத்திகை பார்த்து வேகத்தை முடிவு செய்வதும் சரிவராது. ஹார்வர்டில் 1895 முதல் இதை ஆராய்ந்த இயற்பியலாளர் வாலஸ் சபைன், வெளியே போன சத்தம் திரும்பாது என்பதால், திறந்த ஜன்னலையே உறிஞ்சுதலின் அளவுகோலாக வைத்தார். உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். முந்நூறு பேர் கூடும் ஞாயிற்றுக்கிழமையில் கேட்கிற வாசிப்பு, இருபது பேர் வரும் வார நாள் காலையில் கேட்காது. அன்று இன்னும் நிதானம் வேண்டும். ஏசி போட்டு ஜன்னலை அடைத்த கல்யாண மண்டபங்களிலும் இதே கதைதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மைக் செட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. முன் ஸ்பீக்கர் பெட்டிக்கு 34 மீட்டர் பின்னால் இன்னொரு பெட்டி வைத்து, அதன் ஒலியைச் சற்றுத் தாமதிக்கும் டிலே கொடுக்காவிட்டால், பின்வரிசைக்கு ஒரே சொல் பத்தில் ஒரு வினாடி இடைவெளியில் இரண்டு முறை கேட்கும். நிதானமாக வாசித்தாலும் அந்தக் குறை முழுக்கத் தீராது.

காது மங்கிய பெரியவர்களுக்குத்தான் இதெல்லாம் முதலில் உறைக்கும். அடுத்த ஓலைக்கு அவர்களில் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கேட்ட பெயர்களை எழுதித்தரச் சொல்லுங்கள்.